கோடைக்கு முன் கோழிக் கொட்டகை விசிறிகளின் பெல்ட்டைச் சரிபார்ப்பீர்!

கறிக்கோழி வளர்ப்பில் பெயர் பெற்ற பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில், பக்கங்கள் திறந்த பழைய கொட்டகைகளுடன், நாற்புறமும் மூடிய கொட்டகைகளும் இன்று காணப்படுகின்றன. பண்ணையாளர்கள் இவற்றை 'ஈ.சி. ஷெட்' என்று அழைக்கிறார்கள். கொட்டகையின் ஒரு கோடியில் தண்ணீர் வழியும் கூலிங் பேட், மறு கோடியில் வரிசையாகப் பெரிய விசிறிகள். விசிறிகள் உள்காற்றை வெளியே இழுக்க, பேட் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. குகையில் காற்று வீசுவது போல அது கொட்டகையின் நீளம் முழுவதும் ஓடி வெளியேறுகிறது.

இத்தகைய கொட்டகை வைத்திருக்கும் உழவர் பெருமக்கள் கோடையில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, எட்டு விசிறியும் ஓடுது, பேடிலும் தண்ணி நல்லா வருது, அப்புறம் ஏன் கோழி வாயைத் திறந்துக்கிட்டு மூச்சு வாங்குது?" என்பதே அது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியதும், மிகக் குறைந்த செலவில் சரிசெய்யக் கூடியதுமான காரணம், விசிறியை மோட்டாருடன் இணைக்கும் பெல்ட்டே ஆகும். விசிறி சுற்றுவது வேறு. காற்று நகர்வது வேறு. இரண்டும் ஒன்றல்ல என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றின் வேகமே கோழியின் உயிர்

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். உடலில் சேரும் சூட்டை, மேலே படும் காற்றின் மூலமும், வாயைத் திறந்து மூச்சிரைப்பதன் மூலமுமே அது வெளியேற்ற முடியும். ஐந்து வாரத்தைத் தாண்டிய கறிக்கோழி, எடை மிகுந்து, நெருக்கமாக அமர்ந்திருக்கும் நிலையில், காற்றின் வேகம் சற்றுக் குறைந்தாலும் தாங்காது. தீவனம், மருந்து, உழைப்பு எல்லாம் செலவிட்டு வளர்த்த கோழி, பிடிக்கும் நாளுக்கு முன்பு பிற்பகல் வெயிலில் இறந்துபோனால், ஒப்பந்த முறையில் வளர்ப்பவருக்குக் கூலியும் குறைகிறது, மனமும் உடைகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 400 அடி நீளம், 40 அடி அகலம், சராசரி 8 அடி உயரம் உள்ள ஒரு கொட்டகையை உதாரணமாகக் கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு 320 சதுர அடி. 50 அங்குல விசிறி ஒன்று நிமிடத்துக்கு 20,000 கன அடி காற்றை இழுப்பதாக வைத்துக்கொண்டால், 8 விசிறிகள் 1,60,000 கன அடி இழுக்கும். அதனை 320 ஆல் வகுத்தால் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 500 அடி. அதாவது, பேடில் நுழைந்த காற்று 48 விநாடியில் கொட்டகையைக் கடந்து வெளியேறிவிடுகிறது.

விசிறியின் வேகம் எந்த அளவு குறைகிறதோ, ஏறக்குறைய அதே அளவுக்குக் காற்றும் குறையும் என்பது பொறியியல் விதி. எட்டு விசிறிகளும் தத்தம் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு இழந்தால், நல்ல விசிறி ஒன்றை அடியோடு நிறுத்தி வைத்ததற்கு அது சமம். விசிறி நின்றுபோனால் கண்ணுக்குத் தெரியும். உடனே ஆளைக் கூப்பிடுவோம். ஆனால் எட்டும் மெல்லக் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. இதுதான் ஆபத்து.

பெல்ட் எவ்வாறு வேலை செய்கிறது?

பழைய ஆயில் எஞ்சின்களிலும், அரிசி ஆலைகளிலும் ஓடிய தட்டைப் பெல்ட்டை மூத்த உழவர்கள் நன்கு அறிவார்கள். விசிறிகளில் உள்ளது அதுவன்று. ஆப்பு வடிவம் கொண்ட வி-பெல்ட் ஆகும். மரம் பிளக்கும் ஆப்பு பிளவில் இறுகுவது போல, இது புல்லியின் பள்ளத்தில் இறுகி, இரு பக்கச் சுவர்களையும் கவ்விப் பிடித்து இழுக்கிறது. பக்கச் சுவரில்தான் பிடிமானம் உண்டு. பள்ளத்தின் அடியில் இல்லை. பெல்ட்டின் மேல்பகுதி புல்லியின் விளிம்போடு சமமாகவோ, சிறிதளவு மேலாகவோ இருக்க வேண்டும். தேய்ந்து உள்ளே இறங்கி, அடியைத் தொட்டுவிட்ட பெல்ட் வழுக்கத் தொடங்கிவிடும்.

வழுக்குவதற்கு முன்பே வேகம் குறைவதும் உண்டு. மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, மோட்டார் புல்லி மூன்றரை அங்குலம், விசிறிப் புல்லி 12 அங்குலம் எனக் கொள்வோம். 1,440 ஐ மூன்றரையால் பெருக்கி, 12 ஆல் வகுத்தால் விசிறியின் வேகம் 420 சுற்று. பெல்ட்டும் பள்ளமும் தேய்ந்து, பெல்ட் இரு புல்லிகளிலும் அரைக்கால் அங்குலம் கீழே இறங்கிவிட்டால், புல்லிகள் மூன்றேகால் அங்குலமாகவும், பதினொன்றே முக்கால் அங்குலமாகவும் சிறுத்தது போலாகும். அப்போது விசிறியின் வேகம் சுமார் 398 சுற்று. சிறிய புல்லியில் ஏற்படும் தேய்மானமே பெரிதாகப் பாதிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இத்துடன் வழுக்கலும் சேர்ந்தால் நட்டம் இன்னும் கூடும்.

நோயின் அறிகுறிகள்

பெல்ட் கெட்டுவருகிறது என்பதைக் கருவி இல்லாமலேயே கண்டுகொள்ளலாம்.

விசிறியைப் போட்டவுடன் 'கிரீச்' என்ற ஓசை சில விநாடிகள் நீடித்தால், பெல்ட் தளர்ந்துள்ளது. புல்லியின் கீழே கறுப்புப் பொடி உதிர்ந்திருந்தால், பெல்ட் வழுக்குகிறது அல்லது புல்லிகள் ஒரே நேரில் இல்லை. பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால், நேரின்மையே காரணம். பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னினால், பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது. ஓடும்போது பெல்ட் சாட்டைபோல் அடித்துக்கொண்டால் தளர்வு. மோட்டாரின் புல்லிப் பக்கத்துப் பேரிங் அளவுக்கு மீறிச் சூடாகி இரைந்தால், பெரும்பாலும் பெல்ட்டை மிகைப்பட இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

முதலில் பாதுகாப்பு

பெல்ட்டில் கை வைக்கும் முன் ஒன்றை மனத்தில் பதிய வைக்க வேண்டும். இக்கொட்டகைகளில் விசிறிகள் கன்ட்ரோலர் மூலம், வெப்பத்தைப் பொறுத்துத் தானாகவே ஓடவும் நிற்கவும் செய்கின்றன. நின்றிருக்கும் விசிறி எந்த விநாடியும் சொல்லாமல் கிளம்பும். ஆகவே கன்ட்ரோலரில் நிறுத்தினால் மட்டும் போதாது. அந்த விசிறிக்கான மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும் அமைப்பு இருந்தால், அதிலிருந்து வரும் மின்சாரமும் அந்த விசிறிக்குப் போகாதபடி செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் விசிறி சுழலக்கூடும். பக்கத்து விசிறிகள் காற்றை இழுக்கும்போது, நின்ற விசிறியின் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து அதனைத் தலைகீழாகச் சுற்றிவிடும். எனவே விசிறியின் இறக்கையைச் சட்டத்தோடு கயிற்றால் கட்டிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தொங்கும் துண்டு, வேட்டி நுனி, கை மோதிரம் ஆகியவை கூடாது. புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு கணம் அகப்பட்ட விரல் திரும்பக் கிடைக்காது.

கழற்றிப் பார்த்தல்

மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை விசிறியின் பக்கமாக நகர்த்தினால் பெல்ட் தளர்ந்து கையோடு வந்துவிடும். ஸ்குரு டிரைவரையோ கம்பியையோ கொடுத்து நெம்பி எடுப்பதும், நெம்பி மாட்டுவதும் தவறு. அப்படிச் செய்தால் பெல்ட்டின் உள்ளே உள்ள நூலிழைகள் அறுந்துபோகும். வெளியில் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் பெல்ட் அறுந்துவிடும்.

பெல்ட் இல்லாத நிலையில் விசிறியையும் மோட்டாரையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகர ஓசை, ஆட்டம், இறுக்கம் ஆகியவை இருந்தால் பேரிங்கை மாற்றிய பிறகே மற்ற வேலை. புல்லியின் பள்ளத்தைத் துணியால் துடைத்து, புதிய பெல்ட்டின் ஒரு பகுதியை அதில் அமர்த்திப் பாருங்கள். பள்ளத்துச் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அரிசி முனை அளவுக்கு, அதாவது சுமார் 0.8 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், சுவர் குழிந்துவிட்டது என அறியலாம். அத்தகைய புல்லியில் எத்தனை புதிய பெல்ட் போட்டாலும் நீடிக்காது. புல்லியை மாற்றுவதே சிக்கனம்.

புதிய பெல்ட் வாங்கும்போது பழைய பெல்ட்டை அளந்து வாங்க வேண்டாம், அது நீண்டிருக்கும். அதன்மேல் அச்சிட்டுள்ள எழுத்தையும் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, ஏ-60 என்றால் 'ஏ' என்பது பெல்ட்டின் குறுக்களவு ரகம். மேல் அகலம் 13 மி.மீ. 60 என்பது உள்நீளம் அங்குலத்தில். 'பி' ரகத்தின் மேல் அகலம் 17 மி.மீ. 'ஏ' பள்ளத்தில் 'பி' பெல்ட்டைத் திணிப்பதோ, 'பி' பள்ளத்தில் 'ஏ' பெல்ட்டை விடுவதோ கூடாது.

நூல் பிடித்து நேராக்கல்

இனி முக்கியமான வேலை. மோட்டார் புல்லியும் விசிறிப் புல்லியும் ஒரே நேரில் நிற்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் நூலே போதுமானது.

முதலில் சட்டத்தின்மேல் விசிறியும் மோட்டாரும் அசையாமல் உள்ளனவா என்று பாருங்கள். பின்னர் விசிறிப் புல்லியின் வெளிமுகத்தில் நூலை வைத்து, மோட்டார் புல்லியின் முகம் வரை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் ஷாப்ட் துருத்திக்கொண்டிருந்தால், நூலை மையத்தின் வழியாக விடாமல் சற்று ஓரமாக விடலாம். நூல் விறைப்பாக இருக்கும்போது, விசிறிப் புல்லியின் விளிம்பில் இரண்டு இடம், மோட்டார் புல்லியின் விளிம்பில் இரண்டு இடம் என, நான்கு இடங்களிலும் ஒருசேரத் தொட வேண்டும். நான்கும் தொட்டால் நேர்.

மோட்டார் புல்லியின் இரண்டு விளிம்புகளுக்கும் நூலுக்கும் ஒரே அளவு இடைவெளி இருந்தால், புல்லி உள்ளே தள்ளியுள்ளது. அதன் திருகைத் தளர்த்தி, ஷாப்ட்டின் மேல் நகர்த்திச் சரிசெய்யலாம். ஒரு விளிம்பு தொட்டு, மறு விளிம்பு விலகி நின்றால், மோட்டார் சாய்ந்துள்ளது. மோட்டாரின் அடித்தட்டைத் திருப்பியோ, ஒரு பக்கக் காலின்கீழ் தகடு கொடுத்தோ நிமிர்த்த வேண்டும். மோட்டார் புல்லியின் முகத்துக்கு வெளியே நூல் வளைந்து சென்றால், புல்லி வெளியே தள்ளியுள்ளது.

இவ்வாறு சரிசெய்த பிறகு, விசிறிப் புல்லியை அரைச் சுற்றுத் திருப்பி, மீண்டும் ஒருமுறை நூல் பிடிக்க வேண்டும். முதலில் நேராக இருந்தது இப்போது விலகினால், புல்லியே வளைந்திருக்கிறது அல்லது கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. நேராக இருக்க வேண்டியது பள்ளங்களே. இரண்டு புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறாக இருந்தால் வெளிமுகங்கள் நேராக இருந்தும் பள்ளங்கள் விலகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு புல்லியிலும் வெளிமுகத்திலிருந்து பள்ளத்தின் நடு வரை அளந்து, வேறுபாடு இருந்தால் அந்த அளவை நூலில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எவ்வளவு விலகல் வரை பொறுக்கலாம்? இரு ஷாப்ட்டுகளுக்கும் இடையே 50 செ.மீ. தூரம் இருந்தால் 4 மி.மீ.க்கு மேல் விலகல் கூடாது. நூல் பிடித்து அமைத்தால் இதைவிடக் குறைவாகவே கொண்டுவர முடியும். மோட்டார் புல்லியை இயன்றவரை மோட்டாரின் உடலுக்கு அருகில் அமைத்தால் பேரிங்குக்குப் பாரம் குறையும். நேர் பார்த்து முடித்தபின் புல்லியின் சாவியும் திருகும் இறுக்கமாக உள்ளனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இறுக்கம் எவ்வளவு?

பெல்ட்டைக் கையால் மாட்டி, மோட்டாரை வெளிப்பக்கமாக நகர்த்தி இறுக்க வேண்டும். இறுக்கத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. புல்லிக்கும் புல்லிக்கும் நடுவே பெல்ட் எங்கும் தொடாமல் ஓடும் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த நீளம் ஒரு மீட்டருக்கு 16 மி.மீ. என்ற விகிதத்தில், நடுவில் இழுத்தால் பெல்ட் வளைந்து கொடுக்க வேண்டும். நீளம் 50 செ.மீ. என்றால் 8 மி.மீ. வளையலாம். வீட்டிலுள்ள சிறிய வில் தராசின் கொக்கியைப் பெல்ட்டின் நடுவில் மாட்டி இழுத்துப் பாருங்கள். மூன்றரை அங்குல மோட்டார் புல்லியில் ஓடும் ஏ ரகப் பெல்ட், சுமார் 2 கிலோ இழுப்பில் அந்த அளவு வளைந்தால் சரி. புதிய பெல்ட்டானால் இரண்டரைக் கிலோ வரை இருக்கலாம். விசிறியுடன் வந்த குறிப்பேட்டில் வேறு அளவு தந்திருந்தால் அதையே பின்பற்றவும்.

சில விசிறிகளில் ஸ்பிரிங் வைத்த சிறு உருளை தானாகவே பெல்ட்டை இறுக்கி வைக்கும். அவற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்காமலும், உருளை தடையின்றிச் சுழன்றும் உள்ளதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

"நன்றாக இறுக்கிவிட்டால் வழுக்காதே" என்று சிலர் கம்பி கொடுத்து நெம்பி இறுக்குகிறார்கள். அது பெல்ட்டைக் காப்பாற்றி மோட்டாரைப் பலி கொடுப்பதாகும். போட்டவுடன் வழுக்காத அளவுக்கு, குறைந்தபட்ச இறுக்கமே சிறந்தது.

போல்ட்டுகளை முறுக்கும்போது மோட்டார் சற்றே திரும்பிவிடுவது வழக்கம். ஆகவே எல்லாவற்றையும் முறுக்கிய பிறகு கடைசியாக ஒருமுறை நூல் பிடித்துப் பார்த்து, பிறகு காப்புக் கூண்டை மாட்டி, இறக்கையில் கட்டிய கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

விசிறியைப் போட்டதும் அது சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். மும்முனை மின்சாரத்தில் இரண்டு பேஸ்கள் மாறிவிட்டால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். காற்று வெகுவாகக் குறைந்துவிடும். மின்கம்பத்திலோ, ஜெனரேட்டரிலோ வேலை நடந்த பிறகு இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வேகத்தை அளக்க, ஒளியால் அளக்கும் கையடக்க டாக்கோமீட்டர் கடைகளில் கிடைக்கிறது. பக்கத்துப் பண்ணையாளர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விசிறியின் எண்ணையும் வேகத்தையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், எது தளர்கிறது என்பது கோழி மூச்சிரைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

புதிய பெல்ட் முதல் ஒன்றிரண்டு நாள் ஓட்டத்தில் பள்ளத்தில் நன்கு அமர்ந்து சற்றுத் தளரும். ஆகவே மறுநாளோ, அதற்கு அடுத்த நாளோ மீண்டும் நிறுத்தி, இறுக்கத்தைச் சரிசெய்வது இன்றியமையாதது. புதிய பெல்ட் சீக்கிரம் கெட்டுப்போனது என்று வரும் குறைகளில் பல, இந்த இரண்டாவது இறுக்கத்தை விட்டுவிடுவதால் வருபவையே.

செய்யக்கூடாதவை

வழுக்கும் பெல்ட்டில் கிரீஸ், எண்ணெய், குங்கிலியம் போன்ற எதையும் தடவக் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெடும். ஒட்டும் பொருள் தற்காலிகமாகப் பிடித்தாலும், தூசியைச் சேர்த்துப் பள்ளத்தை அரித்துவிடும்.

காற்று போதவில்லை என்று மோட்டாருக்குப் பெரிய புல்லி போட்டு வேகத்தைக் கூட்டுவதும் தவறு. வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், மோட்டார் மேல் விழும் பாரம் 33 சதவீதம் கூடுகிறது. கத்திரி வெயில் பிற்பகலில் மோட்டார் எரிந்துபோகும். பெல்ட் சரியாக இருந்தும் காற்று குறைந்தால், தூசி படிந்த ஷட்டர், அடைபட்ட பேட், திரைச்சீலையில் உள்ள கிழிசல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நின்ற விசிறியின் ஷட்டர் மூடாமல் திறந்தே இருந்தால், பேட் வழியாக வர வேண்டிய காற்று அந்தக் குறுக்கு வழியில் புகுந்து, கொட்டகைக்குள் போகாமலே வெளியேறிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

எப்போது செய்வது?

ஒரு தொகுதிக் கோழி பிடித்து, அடுத்த குஞ்சு வரும் வரை கொட்டகை காலியாக இருக்கும் நாட்களே இவ்வேலைக்கு ஏற்றவை. அப்போது எல்லா விசிறிகளையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். குறிப்பாக, மாசி, பங்குனியில் வரும் இடைவெளியைத் தவறவிடக் கூடாது. கோழி இருக்கும்போது பெல்ட் மாற்ற நேர்ந்தால், விடியற்காலைக் குளிர்ச்சியில், ஒரு நேரத்தில் ஒரு விசிறியை மட்டும் நிறுத்திச் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை ஓசை, கறுப்புப் பொடி, பெல்ட்டின் உயரம் ஆகியவற்றைக் கண்ணால் பார்ப்பதும், மாதம் ஒருமுறை இறுக்கம் பார்ப்பதும் நல்ல வழக்கங்களாகும்.

கொட்டகையில் ஓடும் அளவுப் பெல்ட் இரண்டாவது கையிருப்பில் இருக்கட்டும். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பெல்ட் அறுந்தால் கடை திறந்திருக்காது. கையிருப்புப் பெல்ட்டை வெயிலும், டீசலும் படாத இடத்தில், மெல்லிய ஆணியில் மாட்டாமல், மடங்காதபடி வைக்க வேண்டும்.

ஒரு பெல்ட்டின் விலை, கொட்டகையில் உள்ள மற்ற எந்தப் பொருளோடு ஒப்பிட்டாலும் அற்பமானது. ஆனால் மோட்டாரின் முழு உழைப்பும் அதன் வழியாகத்தான் காற்றாக மாறிக் கோழியைச் சேர்கிறது. ஒரு முழம் நூல், ஒரு வில் தராசு, விசிறி ஒன்றுக்கு அரைமணி நேரம் ஆகிய இவற்றை வெயில் ஏறுவதற்கு முன் செலவிடும் பண்ணையாளர், வெயில் ஏறிய பின் இறந்த கோழிகளை எண்ண வேண்டிய நிலை வராமல் தம்மைக் காத்துக்கொள்ளலாம்.